கோடு இழுத்துவிட்ட கட்டம்

பழைய சான்றிதழ் ஃபைலைத் திறந்தால் முதலில் அந்துருண்டை வாசனைதான் வரும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தமிழ்நாட்டில் கல்லூரிக்கு மனுப் போட்ட யாருடைய ஃபைலாக இருந்தாலும் உள்ளே இருக்கும் அடுக்கு ஏறக்குறைய ஒன்றுதான்: எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ். அதற்கடியில் அவற்றின் நகல்கள். ஜெராக்ஸ் பரவாத காலத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் உட்கார்ந்து ‘உண்மை நகல்’ அடித்து, பச்சை மையில் கையெழுத்துப் போடும் தகுதி உள்ள அதிகாரியைத் தேடிப் போவார்கள். சிற்றூர்களில் அந்தத் தகுதி உள்ளவர் பெரும்பாலும் மாட்டாஸ்பத்திரி டாக்டராக இருப்பார். ஊசிக்குக் காத்திருக்கும் மாடுகளோடு பிள்ளைகளும் வரிசையில் நிற்பார்கள். 2014 வாக்கில் சுயசான்றொப்பம் போதும் என்று அரசுகள் சொல்லத் தொடங்கியபின் அந்த வரிசை கலைந்துபோனது. இந்த அடுக்கோடு போகும் விண்ணப்பப் படிவத்தில் மதிப்பெண்ணுக்குப் பெரிய அட்டவணையும், அப்பா பெயருக்கும் தொழிலுக்கும் தாராளமான இடமும் இருக்கும். பாடத்துக்கு வெளியே இருந்த ஈடுபாடுகள் என்ன என்று கேட்கும் கட்டம் மட்டும் ஒரே ஒரு வரி. என்.சி.சி.யில் இருந்தவர்களும் மாவட்ட அளவில் ஓடியவர்களும் அதில் ஏதோ எழுதினார்கள். மற்றவர்கள் ஸ்கேலை வைத்து ஒரு கோடு இழுத்துவிட்டார்கள்.

அந்தக் கோடு சொன்னது உண்மையல்ல. அதை இழுத்த பிள்ளைகளில் பலர், பள்ளிக்கூட மணி அடிப்பதற்கு முன் ஒரு வேலையும் அடித்தபின் இன்னொரு வேலையும் பார்த்தவர்கள். விடிவதற்குள் சைக்கிளில் பேப்பர் போட்டவர்கள், பால் சங்கத்துக்குப் போய் வந்தவர்கள், அப்பாவின் பெட்டிக்கடைக் கல்லாவில் உட்கார்ந்தவர்கள், மண்ணெண்ணெய் வரிசையில் டின்னை வைத்துவிட்டு இடத்தைக் காத்தவர்கள். சிவகாசிப் பக்கம் வீட்டிலேயே தீப்பெட்டி ஒட்டியவர்கள், ஆரணிப் பக்கம் தறிக்கு நூல் சுற்றியவர்கள். படிக்கத் தெரியாத தெருக்காரர்களுக்கு மணியார்டர் பாரமும் முதியோர் உதவித்தொகை மனுவும் எழுதிக்கொடுத்தவர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தண்ணீர் பிடித்து, சமையலில் பாதியை முடித்து, தம்பி தங்கையைத் தலைவாரி அனுப்பிவிட்டுத்தான் அவர்கள் முதல் பீரியடுக்கு வந்தார்கள். இதில் எதுவும் ஓர் ‘ஈடுபாடு’ என்று அவர்களுக்கோ, ஆசிரியர்களுக்கோ, படிவத்தை அச்சடித்தவர்களுக்கோ தோன்றவில்லை. பெரும்பாலும் மதிப்பெண்ணை வைத்துத்தான் இடம் என்பதால், தோன்றியிருந்தாலும் அதிகம் பயன் இருந்திருக்காது.

இன்றைக்கு அந்த ஒரு வரிக் கட்டம் பத்துக் கட்டங்களாக வளர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் இளங்கலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் பயன்படுத்துவது ‘காமன் ஆப்’ என்கிற பொது விண்ணப்பம். 1975இல் 15 தனியார் கல்லூரிகள் சேர்ந்து தொடங்கியது. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதை ஏற்கின்றன. அதில் பத்துச் செயல்பாடுகள் வரை எழுதலாம். ஒவ்வொன்றையும் 150 எழுத்துகளுக்குள் விவரிக்க வேண்டும். எந்த வகுப்பில் செய்தது, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருடத்துக்கு எத்தனை வாரம் என்றும் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தனி விண்ணப்பத்தில் 20 கட்டங்கள்; எம்.ஐ.டி. நான்கு போதும் என்கிறது. இவை போதாதென்று தனியாக ஒரு பக்க ரெஸ்யூமையும் இணைக்கச் சில கல்லூரிகள் இடம் தருகின்றன. நம் ஊரிலும் அசோகா, கிரியா போன்ற புதிய பல்கலைக்கழகங்கள் மதிப்பெண்ணோடு நிற்காமல் மாணவர் வேறு என்ன செய்தார் என்றும் கேட்கின்றன. ஆகவே சென்னையிலும் கோவையிலும் சில வீடுகளில், நியூ ஜெர்சித் தமிழர் வீடுகளில் இன்னும் கூடுதலாக, ஒன்பதாம் வகுப்பிலிருந்தே பேச்சு இதுதான்: ரெஸ்யூமில் என்ன இருக்கிறது? நடன அரங்கேற்றத்துக்கு நாள் குறிக்கும்போது பஞ்சாங்கத்தோடு கல்லூரி விண்ணப்பத்தின் கடைசித் தேதியையும் பார்க்கிற குடும்பங்கள் அங்கே உண்டு. சதுரங்கம், ரோபோட்டிக்ஸ், மாதிரி ஐ.நா. சபை, கோடை விடுமுறையில் ஒரு தொண்டு நிறுவனம் என்று பட்டியல் நீள்கிறது. ஆனால் இன்றைய பிள்ளையும் வீட்டில் செய்த வேலைக்கு நேரே அதே பழைய கோட்டைத்தான் இழுக்கிறது. பத்துக் கட்டம் வந்தும் அந்த வழக்கம் மாறவில்லை என்பதுதான் என் குறை. கல்லூரிக்கான ரெஸ்யூமில் முதலில் இடம்பெற வேண்டியது, பிள்ளை தன் வீட்டுக்காகவும் தெருவுக்காகவும் உண்மையில் செய்த வேலை. கோப்பைகளும் பதக்கங்களும் அதற்குப் பிறகு வரட்டும் என்பது என் கட்சி.

இந்தப் பட்டியல் என்கிற சங்கதி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் அதன் பிறப்பு அவ்வளவு யோக்கியமானதல்ல. முதல் உலகப்போர் முடிந்த காலத்தில் ஹார்வர்ட், கொலம்பியா போன்ற கல்லூரிகளுக்கு நுழைவுத் தேர்வு எழுதித் தேறினால் பெரும்பாலும் இடம் கிடைத்துவிடும். குடியேறி வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள் அந்தத் தேர்வுகளில் நன்றாகத் தேறினார்கள். 1922 வாக்கில் ஹார்வர்டின் முதலாண்டு மாணவரில் ஐந்தில் ஒருவருக்கு மேல் யூதர். தலைவர் லோவெல் வெளிப்படையாகவே அவர்கள் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு வேண்டும் என்றார்; எதிர்ப்பு எழுந்தது. 1926இல் அதே காரியத்தைச் சத்தமில்லாமல் முடிக்க வேறு வழி கண்டார்கள்: மதிப்பெண்ணோடு ‘குணநலன்’, தகுதி, ஆளுமை ஆகியவற்றையும் பார்க்கப்போகிறோம் என்றார்கள். புகைப்படம், அப்பாவின் பின்னணி, பள்ளியில் தலைமைப் பொறுப்பு என்று கேள்விகள் வந்தன. வரம்பு என்ற சொல் இல்லாமலே யூத மாணவர் எண்ணிக்கை குறைந்தது. சமூகவியலாளர் ஜெரோம் காரபெல் 2005இல் வெளியிட்ட நூலில் இந்த வரலாற்றைக் கல்லூரிகளின் சொந்த ஆவணங்களை வைத்தே விரிவாக எழுதியிருக்கிறார்.

நமக்கும் இது புதிதல்ல. 1984இல் எம்.ஜி.ஆர். அரசு நுழைவுத் தேர்வைக் கொண்டுவருவதற்கு முன், தமிழ்நாட்டில் மருத்துவம், பொறியியல் இடங்களுக்கு நேர்முகம் இருந்தது. பி.யு.சி. மதிப்பெண்ணோடு நேர்முக மதிப்பெண்ணையும் கூட்டுவார்கள். ‘இன்டர்வியூவில் போட்டுவிட்டார்கள்’ என்பது அந்தக் காலத்தில் பல வீடுகளில் அன்றாடம் புழங்கிய வசனம். 1970ஆம் ஆண்டு மருத்துவச் சேர்க்கை தொடர்பாக உச்ச நீதிமன்றம் வரை போன பெரியகருப்பன் வழக்கில் அந்த நேர்முகத்தின் உள்விவரம் வெளியே வந்தது. அதற்கு 75 மதிப்பெண். விளையாட்டு அல்லது என்.சி.சி., பாடத்துக்கு வெளியே செய்த சேவை, உடல்திறன், பொது ஆற்றல், நாட்டம் என்று தலைப்புகள் கொடுத்திருந்தார்கள். இன்றைய ரெஸ்யூமின் தலைப்புகளுக்கு இவை அதிகம் தூரமில்லை. ஆனால் தேர்வுக் குழு தலைப்புவாரியாக மதிப்பெண் பிரிக்காமல் மொத்தமாகப் போட்டிருந்தது. அது செல்லாது என்றது நீதிமன்றம். ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரி தொடர்பான அஜய் ஹாசியா வழக்கிலோ நேர்முகம் இரண்டு மூன்று நிமிடம்தான் நடந்தது, கேட்டதெல்லாம் பெற்றோர் யார், வீடு எங்கே என்பதுதான் என்று தெரியவந்தது. அதற்கு மொத்த மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு! இப்படிப்பட்ட நினைவுகள் உள்ள சமூகம் மதிப்பெண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. மார்க் ஷீட்டுக்கு அப்பாவைத் தெரியாது என்று நம்பினோம்.

அதனால் முதல் எதிர்வாதம் எளிதாக வருகிறது. பட்டியலே வேண்டாம், மதிப்பெண் போதும், அதுவே நியாயம். இதில் பாதி எனக்கும் சம்மதம். அரசு தன் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கான இடங்களை நிரப்பும்போது, எல்லோரும் சரிபார்க்கக்கூடிய ஓர் எண்ணும் இட ஒதுக்கீடும்தான் பாதுகாப்பு. அங்கே ரெஸ்யூமைக் கொண்டுவரச் சொன்னால் நான் எதிர்ப்பேன். அண்ணா பல்கலைக்கழகம் 1997இல் கொண்டுவந்த ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில், திரையில் இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைவதைப் பார்த்துக்கொண்டு முறைக்குக் காத்திருந்த அப்பாக்களுக்கு அந்த எண்ணின் அருமை தெரியும். மீதிப் பாதிதான் இடிக்கிறது. மதிப்பெண்ணுக்கு அப்பாவைத் தெரியாது என்பது நாம் நினைத்த அளவுக்கு உண்மையில்லை. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்த நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளுக்குப் பணம் கட்ட முடிந்தவர்களின் மதிப்பெண்ணும், மாலையில் கடையில் நின்ற பிள்ளையின் மதிப்பெண்ணும் ஒரே பேனாவால் திருத்தப்பட்டன, அவ்வளவுதான். நுழைவுத் தேர்வு கிராமத்துப் பிள்ளைகளை வடிகட்டுகிறது என்றுதான் 2006இல் சட்டம் போட்டு அதை நீக்கினோம். நீட் வந்தபின் ஏ.கே. ராஜன் குழு 2021இல் கொடுத்த அறிக்கையும் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டவும், மறுவருடம் வீட்டிலிருந்து திரும்ப எழுதவும் வசதி உள்ளவர்களுக்கே அந்தத் தேர்வு தோதாக இருக்கிறது என்றது. எண் நேர்மையானதுதான். அந்த எண்ணை எட்ட ஒரு பிள்ளை எவ்வளவு தூரம் ஏறிவந்தது என்பதை மட்டும் அது சொல்லாது.

அதைச் சொல்ல வேண்டிய ரெஸ்யூம் சொல்கிறதா என்றால், இப்போது எழுதப்படும் விதத்தில் இல்லை. அது மதிப்பெண்ணைவிடப் பச்சையாகப் பணத்தின் பக்கம் சாய்கிறது. பொருளியலாளர்கள் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் மூவரும் 2023இல் வெளியிட்ட ஆய்வு, ஐவி லீக் கல்லூரிகளையும் அவற்றை ஒத்த சிலவற்றையும் எடுத்துப் பார்த்தது. ஒரே மாதிரி எஸ்.ஏ.டி. மதிப்பெண் எடுத்த பிள்ளைகளை ஒப்பிட்டால்கூட, வருமானத்தில் உச்சியில் உள்ள ஒரு சதவீதக் குடும்பத்துப் பிள்ளை அங்கே போய்ச் சேரும் வாய்ப்பு நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். காரணங்கள் மூன்று: முன்னாள் மாணவரின் வாரிசுக்கு முன்னுரிமை, விளையாட்டு வீரர் சேர்ப்பு, பிறகு படிப்புக்கு வெளியே உள்ள சாதனைகளுக்குத் தரப்படும் எடை. மூன்றாவது நம் பட்டியல்தான். படகுப் போட்டியும் வாள்வீச்சும் எந்தப் பேட்டைப் பிள்ளைகள் விளையாடுவது என்று யோசித்தாலே விடை தெரிந்துவிடும். 2019 மார்ச்சில் வெடித்த ‘வார்சிட்டி புளூஸ்’ வழக்கு இதன் கோரமான முனை. வில்லியம் சிங்கர் என்ற ஆலோசகர் பணம் வாங்கிக்கொண்டு, அந்த விளையாட்டைத் தொட்டே பார்க்காத பிள்ளைகளைப் படகோட்டிகளாகவும் கால்பந்து வீராங்கனைகளாகவும் காட்டிக் கல்லூரிகளுக்குள் தள்ளினார். வேண்டிய இடத்தில் புகைப்படத்தில் தலையையும் மாற்றி ஒட்டினார்கள். சிங்கருக்கு மூன்றரை ஆண்டுச் சிறை கிடைத்தது. அது குற்றம், பிடிபட்டது. குற்றமில்லாத வகை நாள்தோறும் நடக்கிறது: கட்டணம் கட்டிச் சேரும் கோடைக்கால ‘ஆராய்ச்சி’, யாரோ முடித்துக்கொடுக்கும் கட்டுரை, பத்துப் பேர்கூட இல்லாத சங்கத்துக்கு ஒரு நிறுவனர். நம் ஊர் மொழியில் சொன்னால் இதற்கெல்லாம் ரசீது உண்டு.

ரசீது இல்லாத ஒன்றைத்தான் நான் எழுதச் சொல்கிறேன். அதற்குப் படிவம் இடம் தரவில்லை என்று யாராவது சொன்னால், அவர்கள் படிவத்தைக் கடைசிவரை படிக்கவில்லை. காமன் ஆப்பில் செயல்பாட்டின் வகையைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் இசை, விவாதம், தடகளம் ஆகியவற்றோடு ‘குடும்பப் பொறுப்புகள்’ என்று ஒரு வகையும், ‘ஊதியம் பெற்ற வேலை’ என்று இன்னொரு வகையும் இருக்கின்றன. ஹார்வர்டின் கல்வியியல் துறையிலிருந்து 2016இல் வந்த ஓர் அறிக்கை, உடன்பிறந்தவரைப் பார்த்துக்கொள்வதும் வீட்டுச் செலவுக்கு வேலைக்குப் போவதும் மற்றச் சேவைகளுக்கு இணையாக மதிக்கப்பட வேண்டும் என்று கல்லூரிகளைக் கேட்டுக்கொண்டது. பல கல்லூரிகளின் சேர்க்கை அதிகாரிகள் அதற்கு ஆதரவு தெரிவித்தார்கள். வாரத்துக்கு எத்தனை மணி, வருடத்துக்கு எத்தனை வாரம் என்ற கேள்வி இருக்கிறதே, அது இந்த வேலைகளுக்காகவே போட்டதுபோல இருக்கிறது. மாதிரி ஐ.நா. சபை வருடத்துக்கு இரண்டு நாள். படுத்த படுக்கையான பாட்டியைப் பார்த்துக்கொள்வது வருடத்துக்கு 52 வாரம், தீபாவளிக்கும் லீவு கிடையாது. எழுதும் விதத்தில் மட்டும் கவனம் வேண்டும். ‘வீட்டுக்கு உதவியாக இருந்தேன்’ என்பது ஒன்றையும் சொல்லாத வாக்கியம். ‘தினமும் ஐந்தரைக்கு இரண்டு மாடு கறந்து சங்கத்தில் ஊற்றினேன், கொழுப்பு அளவையும் பட்டுவாடாவையும் நோட்டில் எழுதி, குறைந்த தொகையைக் கேட்டு வாங்கினேன்’ என்பது சொல்கிறது. நேரம் தவறாமை, கணக்கு, பெரியவர்களிடம் தயங்காமல் பேசுதல் எல்லாம் அதில் இருக்கின்றன. அவற்றின் பெயரைச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. அமெரிக்காவில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கும் இது பொருந்தும். ஊரிலிருந்து வந்த தாத்தாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்லி, மருந்துச் சீட்டைப் படித்துக் காட்டுவது எந்த மொழி மன்றத்துக்கும் குறைந்ததில்லை.

பொய் எழுதுவார்களே என்பது அடுத்த ஆட்சேபம். பாட்டியைப் பார்த்துக்கொண்டதற்கு யார் சான்றிதழ் தருவார்கள்? உண்மை, தரமாட்டார்கள். ஆனால் சான்றிதழ் உள்ள பொய்களின் யோக்கியதையை மேலே பார்த்தோம். நம் மாற்றுச் சான்றிதழ்களிலும் ஒழுக்கம் என்ற வரிக்கு நேரே ஊரிலுள்ள அத்தனை பேருக்கும் ‘நன்று’ என்றுதான் எழுதியிருந்தது. வகுப்பறைக் கூரைமேல் ஏறியவனுக்கும் அதே நன்று. காகிதம் ஒன்றையும் நிரூபித்ததில்லை. விவரம்தான் ஓரளவு நிரூபிக்கிறது. பால் சங்கத்தில் நிற்காதவனுக்குப் பட்டுவாடா எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று தெரியாது; தொடர்ந்து இரண்டு கேள்வி கேட்டால் வெளிவந்துவிடும். அமெரிக்கக் கல்லூரிகள் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதத்தையும் சேர்த்துப் படிக்கின்றன. முதல் மணிக்குத் தாமதமாக வரும் பிள்ளை ஏன் தாமதமாக வருகிறது என்று தெரிந்த ஆசிரியர் அதை இரண்டு வரியில் எழுதினால் அதைவிடப் பெரிய சாட்சி இல்லை. நம் தலைமையாசிரியர்கள் ‘நன்று’ என்பதைத் தாண்டி எழுதப் பழக வேண்டும். அதற்கு நேரமில்லை என்பார்கள், அதுவும் உண்மைதான்.

இவற்றைவிட ஆழமான தயக்கம் நம் வீடுகளுக்குள்ளேயே இருக்கிறது. வீட்டுக் கஷ்டத்தை ஊருக்குச் சொல்வதா, நம்மை நாமே புகழ்வதா என்று. முதலாவதற்குப் பதில், இது கஷ்டத்தின் பட்டியல் அல்ல, வேலையின் பட்டியல். இரக்கம் கேட்டு எழுதுவது வேறு, செய்ததைக் கணக்காகச் சொல்வது வேறு. மேலே உள்ள பால் சங்க வாக்கியத்தில் எங்கே இரக்கம் கேட்கிறது? இரண்டாவதற்குப் பவணந்தி முனிவரே பதில் வைத்திருக்கிறார். எத்தனை துறையில் நூல் செய்து முடித்தாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்று நன்னூல் பாயிரத்தில் சொன்னவர், அடுத்த சூத்திரத்திலேயே விலக்குகளையும் சொல்லிவிடுகிறார். அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர் நடுவில் இருக்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய வேளையில், எதிரி தன்னை இழித்துப் பேசும்போது புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம். முதல் இரண்டும் அப்படியே கல்லூரி விண்ணப்பம்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இவ்வளவு தெளிவாக அனுமதி கிடைத்தபின் நாம் ஏன் கூசுகிறோம் என்று தெரியவில்லை.

என்னை உண்மையிலேயே யோசிக்க வைக்கும் ஆட்சேபம் வேறு. வீட்டு வேலையைத் தகுதியாக எண்ணத் தொடங்கினால், பெண் பிள்ளைகள் மேல் ஏற்றி வைத்திருக்கும் சுமைக்கு ஒரு பதக்கம் குத்தியதாகிவிடாதா? பள்ளிக்குப் போக வேண்டிய வயதில் தீப்பெட்டி ஒட்டியதைப் பெருமை ஆக்கலாமா? கூடாது. அந்த வேலை அந்தப் பிள்ளைக்கு நேர்ந்திருக்கவே கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் எண்ணுவது வேறு, மெச்சுவது வேறு. அண்ணன் டியூஷனுக்குப் போன மாலை நேரத்தில் தங்கை சமையலறையில் நின்றாள் என்றால், இருவரின் மதிப்பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்கு அந்த நேரக் கணக்கு தெரிய வேண்டும். இத்தனை காலம் அந்தச் சுமை கேள்வியில்லாமல் தொடர்ந்ததற்கு, அது எந்தத் தாளிலும் ஏறாததும் ஒரு காரணம். மகளின் விண்ணப்பத்தில் ‘வாரத்துக்கு 20 மணி நேரம்’ என்று எழுத்தில் பார்க்கும் அப்பா, அடுத்த வாரம் மகனை ஒரு வாளித் தண்ணீர் பிடிக்கச் சொன்னாலும் சொல்லலாம். சொல்லாமலும் போகலாம், நான் பந்தயம் கட்டமாட்டேன்.

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் முன்கூட்டிய விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நவம்பர் 1, வழக்கமான விண்ணப்பத்துக்கு ஜனவரி 1 அல்லது அதையொட்டிய நாட்கள். பிள்ளையின் பட்டியல் மேசைக்கு வரும்போது பெற்றோர் பிழை திருத்துவதோடு நிறுத்த வேண்டாம். இந்த வீட்டில் அது செய்த எந்த வேலை இதில் விட்டுப்போயிருக்கிறது என்று பாருங்கள். நமக்குப் பழகிப்போனதால் நம் கண்ணில் படாத வேலையாகத்தான் அது இருக்கும். ஒரு நாள் முழுக்கக் கவனித்துவிட்டுச் சொல்லுங்கள். பத்துக் கட்டத்தில் ஒன்றையாவது அதற்கு ஒதுக்குங்கள், அதையும் பத்தாவதாக வைக்காதீர்கள்.